பிளாஸ்டிக்மேல் ஸ்டாம்ப் பதித்தால் மை நிற்கவே மாட்டேன் என்கிறது. ஆர்ட் ஜர்னலில் நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மைக்கறை எழுதியது:

மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இனி கேட்டுவிடுவதுதான் நல்லது. வீட்டில் சேர்கிற பிளாஸ்டிக்கை, அதாவது டப்பா மூடி, பொம்மைப் பெட்டியில் வரும் கண்ணாடி மாதிரியான ஜன்னல், குமிழி உறை, பைகள், இதையெல்லாம் தூக்கிப் போடாமல் என் ஆர்ட் ஜர்னலுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஆசை. வண்ணம், கிழித்து ஒட்டிய காகிதம், அதன் மேல் ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் தாள், அந்தத் தாளில் ஸ்டாம்ப். மனதுக்குள் பக்கம் தெளிவாகத் தெரிகிறது, கைக்குத்தான் வரவில்லை.

என்னிடம் இருக்கும் ரப்பர் ஸ்டாம்புகளில் இலை நரம்பு ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அதை ஒரு தெளிவான மூடியில் தட்டையான இடம் பார்த்துப் பதித்தேன். பதித்த நொடியில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லிய நரம்புக் கோடெல்லாம் அறுந்து, தாமரை இலைத் தண்ணீர் மாதிரி துளித்துளியாகத் திரண்டுவிட்டது. இரவு முழுக்கக் காயவிட்டேன். காலையில் விரல் பட்டதும் மொத்தமும் வழித்துக்கொண்டு வந்தது. அதற்கு முந்தைய சோதனையை அவசரப்பட்டு மூடிவைத்ததில் எதிர்ப்பக்கம் முழுக்க நீலக் கறை வேறு, இரண்டு நாள் வேலை செய்த பக்கம் அது.

வண்ணம் பிடிப்பதற்காக அடியில் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெசோவைப் பூசிப் பார்த்தேன், பாலாடை மாதிரி உரிந்து வந்துவிட்டது. உங்களில் யாருக்காவது இது சரியாக வந்திருக்கிறதா?

கிழிகாகிதம் எழுதியது:

என்ன மை? ஸ்டாம்ப் பேட் டப்பாவில் ஏதாவது போட்டிருக்கிறதா?

மைக்கறை எழுதியது:

சாதாரண சாய மை, காகிதத்துக்கு வருவது. அது மட்டும்தான் வைத்திருக்கிறேன்.

பழையபெட்டி எழுதியது:

அப்படியென்றால் ஸ்டாம்பின் மேலும் தப்பில்லை, கையின் மேலும் தப்பில்லை. சாய மை காகித நாருக்குள் ஊறித்தான் காய்கிறது. பிளாஸ்டிக்கில் ஊற இடமே கிடையாது. தண்ணீர் ஆவியாகிப் போனதும் சாயம் மேலே தூசி மாதிரி படிந்திருக்கும், அதைத்தான் காலையில் விரலால் வழித்திருக்கிறீர்கள்.

நிறமி மை இன்னும் மோசம், காகிதத்திலேயே மெதுவாகக் காய்கிற ஜாதி அது, பிளாஸ்டிக்கில் நாள் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதன் மேல் எம்பாசிங் பொடி, அதாவது சூட்டில் உருகி மேடாகப் படியும் பொடி, தூவி உருக்கலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்குப் பயன்படுத்தும் ஹீட் கன் ஊதும் சூடான காற்று 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகை 70, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், டப்பா மூடியாக வரும் பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி இளகும். பொடி உருகுவதற்குள் மூடி அப்பளமாகிவிடும்.

உங்களுக்கு வேண்டியது கரைப்பான் மை. ஸ்டேஸ்ஆன் மாதிரி, கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக் என்று ஊறாத பரப்புக்கென்றே செய்தவை. கரைப்பான் பறந்துபோனதும் மை பரப்பைப் பிடித்துக்கொள்ளும், சில நிமிடத்தில் தொடலாம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், வாடை தலையைப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. செந்நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ இருக்கும் அசல் ரப்பர் ஸ்டாம்ப் இந்த மையைத் தாங்கும். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் ஸ்டாம்ப் என்றால் அது புற ஊதா ஒளியில் கெட்டியாக்கிய ஃபோட்டோபாலிமர், அதைக் கரைப்பான் மையும் அதன் கழுவு திரவமும் நாளடைவில் கெடுத்துவிடும். பிசுபிசுத்துப் போய் விளிம்பெல்லாம் மழுங்கிவிடும். உங்கள் இலை எந்த வகை?

மைக்கறை எழுதியது:

மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர். அப்பாடா.

கோணல்கோடு எழுதியது:

மையை விடவும் முக்கியம் எந்தப் பிளாஸ்டிக் என்பது, அதை யாரும் சொல்லக் காணோம். அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட், 2 கெட்டியான பாலிஎத்திலீன், 3 பி.வி.சி., 4 பை செய்யும் மெல்லிய பாலிஎத்திலீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. இந்த எண்ணைப் பார்க்காமல் நான் எதையும் கழுவி எடுத்துவைப்பதில்லை.

உங்கள் ஜெசோ உரிந்த டப்பா 2, 4, 5 இவற்றில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் எதையும் ஒட்டவிடாத பரப்பு. பை தயாரிக்கிற ஆலையிலேயே எழுத்து அச்சடிப்பதற்கு முன்னால் மின்பொறி பாய்ச்சிப் பரப்பைப் பதப்படுத்துகிறார்கள், அப்போதுதான் மை பிடிக்கும். நாம் வீட்டில் வைத்து வெறுமனே தூரிகையால் பூசினால் எப்படி நிற்கும்? 1-உம் 6-உம் ஓரளவு ஒத்துழைக்கும். 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் 6 நன்றாகவே பிடித்துக்கொள்ளும், கலர் பென்சில்கூட எழுதும். தேய்க்கும்போது தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூள் காற்றில் பறந்து மூக்குக்குள்தான் போகும்.

மெல்லமெல்ல எழுதியது:

6 என்றதும் ஓடி வந்தேன், என் விருப்பமான இடம் அதுதான்.

கைவினைக் கடையில் ஷ்ரிங்க் பிளாஸ்டிக் என்று விற்பது பெரும்பாலும் பாலிஸ்டைரீன் தாள்தான். தயாரிக்கும்போதே சூட்டில் நீளம் அகலம் இரண்டு பக்கமும் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிரவைத்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் விறைப்பாகவே மாட்டிக்கொண்டிருக்கும். மறுபடி சூடு கண்டால் விட்டால் போதும் என்று பழைய சுருளுக்குத் திரும்பிவிடும். மெல்லிய தெளிவான 6-ஆம் எண் டப்பா மூடிகளும் அப்படி இழுத்துச் செய்தவைதான், அதனால் கடையில் வாங்காமலே சுருக்கலாம். வெள்ளை நுரைத் தட்டிலும் 6 என்று போட்டிருக்கும், அதைச் சூட்டில் வைக்காதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நான் செய்வது: முதலில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, ஒரு பக்கம் அம்புக்குறி போட்டு, 160 டிகிரி சூட்டில், கேக் சுடும் அவனில், கேக்குக்கு அடியில் விரிக்கும் ஒட்டாத பேக்கிங் பேப்பர்மேல் வைத்துப் பார்ப்பேன். உள்ளே போனதும் அது நெளிந்து, சுருண்டு, கெட்டுப்போய்விட்டது என்று நாம் கதவைத் திறக்கப் போகும் நேரத்தில் தானாகவே படுத்துக்கொள்ளும். அந்த ஓரிரு நிமிடம் பொறுமை வேண்டும். வெளியே எடுத்ததும் கனமான புத்தகத்தை மேலே வைத்து அழுத்திவிடுவேன். போன முறை செய்தபோது அம்பு போன திசையில் 4 செ.மீ., குறுக்கே 4.5 செ.மீ. வந்தது. 100 சதுர செ.மீ. 18 ஆகிவிட்டது, பொருள் எங்கேயும் போகாது இல்லையா, அதனால் தடிமன் ஐந்தரை மடங்கு ஏறுகிறது. காகிதம் மாதிரி இருந்த மூடி ஒன்றரை மி.மீ. வில்லையாகக் கையில் கனக்கும்.

ஸ்டாம்ப் பதித்துவிட்டுச் சுருக்கினால் என்ன ஆகும் தெரியுமா? 10 செ.மீ. இலை 4 செ.மீ. ஆகிவிடும், நரம்புகள் கத்தியால் கீறின மாதிரி நுணுக்கமாகிவிடும், அத்தனை மையும் சின்ன இடத்தில் நெருங்குவதால் நிறம் அடர்ந்துவிடும். அதனால் வண்ணம் தீட்டும்போது வெளிறலாகவே தீட்டுங்கள். துளை போட வேண்டுமென்றால் சூட்டுக்கு முன்னால் போட்டுவிடுங்கள், 6 மி.மீ. துளை இரண்டரை மி.மீ. அளவுக்கு வரும், நூல் கோக்கச் சரியாக இருக்கும். வில்லையான பிறகு துளைக்கப் போனால் விரிசல் விடும்.

சமைக்கிற அவனிலேயே அடிக்கடி இதைச் செய்ய வேண்டாம். புகை வருமளவுக்குச் சூடு ஏற விடவும் வேண்டாம். பாலிஸ்டைரீன் கருகினால் வருகிற ஆவி நல்லதில்லை.

கிழிகாகிதம் எழுதியது:

3-ஆம் எண்ணைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள் அக்கா. மாத்திரை அட்டையின் தெளிவான பகுதி பெரும்பாலும் பி.வி.சி., அதில் எண்ணே போட்டிருக்காது. சூடேற்றினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூச்சுக்குழலை எரிக்கும். அதை அப்படியே குளிராக வெட்டி, ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு சின்ன ஸ்டாம்ப் துணுக்கை வைத்து மூடினால் அழகான பெட்டகம் மாதிரி இருக்கும். இஸ்திரிப் பெட்டி, ஹீட் கன் எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது.

மைக்கறை எழுதியது:

கரைப்பான் மை கருப்பில் ஒன்று வாங்கிவிட்டேன். மூடியைக் கழுவித் துடைத்துப் பதித்தேன், நின்றது! நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. ஆனால் புதுத் தொல்லை: பதிக்கும்போது வழுக்குகிறது. காகிதத்தில் ஸ்டாம்ப் உட்கார்ந்ததும் நிற்கும், இதில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கோடெல்லாம் இரட்டிப்பாகிவிடுகிறது. ஐந்தில் ஒன்றுதான் உருப்படி.

பழையபெட்டி எழுதியது:

தலைகீழாகச் செய்யுங்கள். ஸ்டாம்பை முகம் மேலே பார்க்கும்படி மேசையில் வைத்து மை தடவிவிட்டு, பிளாஸ்டிக்கை அதன் மேல் இறக்குங்கள். நடுவை முதலில் தொடவிட்டு விரலால் ஓரம் நோக்கி மெதுவாக அழுத்துங்கள். தாள்தான் ஒளி ஊடுருவுமே, எந்தக் கோடு தொட்டுவிட்டது, எது இன்னும் தொடவில்லை என்று மேலிருந்தே கண்ணுக்குத் தெரியும். தொட்ட இடம் சட்டென்று கருக்கும். எல்லாம் கருத்ததும் ஒரு முனையைப் பிடித்து நேராகத் தூக்கிவிடுங்கள். காகிதத்தில் இந்த வசதி கிடையாது. மை குறைவாகத் தடவுங்கள், வழுக்குவதே பாதி அதிக மையால்தான்.

இன்னொன்று, பழைய சி.டி. பெட்டி இருக்கிறதா? அதுவும் பாலிஸ்டைரீன்தான். ஸ்டாம்பை மூடியின் உட்பக்கம் ஒட்டி, அடிப்பகுதியில் தாளை டேப்பால் நிறுத்தி, புத்தகத்தை மூடுவது மாதிரி மூடினால், கீல் இருப்பதால் எத்தனை முறை மூடினாலும் அதே இடத்தில்தான் விழும். முதல் பதிவில் விட்டுப்போன இடத்தை இரண்டாவது பதிவு நிரப்பிவிடும். தெளிவான ஸ்டாம்ப், மரக்கட்டையில்லாத மெல்லிய ரப்பர் இரண்டுக்கும் இது பொருந்தும். உள்ளே சி.டி. பிடிக்கிற தட்டைக் கழற்றிவிட வேண்டும். ரப்பர் தடிமனாக இருந்தால் பெட்டி சரியாக மூடாது, அடியில் அட்டை வைத்தோ எடுத்தோ உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தகரடப்பா எழுதியது:

எல்லோரும் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இதை மறுசுழற்சி என்று சொல்வது சரியா?

தனியாக இருக்கும் பெட் பாட்டிலை மறுபடி உருக்கிப் பயன்படுத்த வழி இருக்கிறது. தனியாக இருக்கும் காகிதத்தைக் கூழாக்கலாம். இரண்டையும் பசையால் ஒட்டி, மேலே அக்ரிலிக் பூசி, கரைப்பான் மையால் முத்திரை குத்திவிட்டால், அது காகிதமும் இல்லை பிளாஸ்டிக்கும் இல்லை, எந்த ஆலையும் தொடாது. நாம் இரண்டு பொருளையும் கெடுத்துவிட்டு நல்லது செய்ததாக நினைத்துக்கொள்கிறோம் என்று எனக்குப் படுகிறது. அந்த முக்கோண எண்ணும்கூட மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் இல்லை, எந்த வகைப் பிசின் என்று காட்டும் குறி மட்டும்தான். 1988-இல் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. ஒன்றையொன்று துரத்தும் அம்புகளைப் பார்த்து மக்கள் குழம்புகிறார்கள் என்றுதான் 2013-இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள், ஆனால் பழைய அச்சுகளில் அம்புதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நானும் ஜர்னல் செய்கிறவன்தான். பிளாஸ்டிக்கைத் தொடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கோணல்கோடு எழுதியது:

நியாயமான கேள்வி. நான் மறுபயன்பாடு என்றுதான் சொல்வேன், மறுசுழற்சி என்று சொல்லமாட்டேன். அதே சமயம், மெல்லிய மூடி, பொம்மைப் பெட்டி ஜன்னல், நொறுக்குத்தீனி உறை இதெல்லாம் பல இடங்களில் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, அதை எடுப்பதில் எனக்குக் குற்ற உணர்வு வரவில்லை. சுத்தமான பெட் பாட்டிலை நான் எடுப்பதில்லை, அது போக வேண்டிய இடத்துக்குப் போகட்டும். இதற்காகவென்று புதிதாகப் பிளாஸ்டிக் தாள் வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம்.

பழையபெட்டி எழுதியது:

ஜெர்மன் ஓவியர் குர்ட் ஷ்விட்டர்ஸ் நினைவுக்கு வருகிறார். 1919-இல் அலுவலக ரப்பர் முத்திரைகளைக் குத்திக் குத்தி, நடுவே கோடும் வண்ணமும் சேர்த்துத் தொடராகப் படங்கள் செய்தார். அதே காலத்தில்தான் டிராம் டிக்கெட், உறை, கிழிந்த விளம்பரம் என்று கீழே கிடந்ததையெல்லாம் ஒட்டி மெர்ட்ஸ் என்று பெயர் வைத்தார், ஒரு வங்கியின் அச்செழுத்திலிருந்து வெட்டிய துண்டுச் சொல் அந்தப் பெயர். முத்திரையும் குப்பையும் ஒரே மேசையில் சேர்ந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அவர் கையில் கிடைத்தது பெரும்பாலும் காகிதம், மட்கக் கூடியது. நம் காலத்துக் குப்பை வேறு, தகரடப்பா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன்.

மெல்லமெல்ல எழுதியது:

பசையே போடாமல் இருந்தால்? எனக்குப் பசைமேல் வேறு காரணத்தால் கோபம் இருக்கிறது. வெள்ளைப் பசை தண்ணீர் வெளியேறித்தான் காய வேண்டும். ஒரு பக்கம் காகிதம் என்றால் சரி, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் என்றால் தண்ணீருக்குப் போக வழியே இல்லை. ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே பால் மாதிரி அப்படியே இருந்தது.

அதனால் தைத்துவிடுகிறேன். ஊசித் துளைகளுக்கு நடுவே 5 மி.மீ. விடுங்கள், நெருக்கமாகக் குத்தினால் அஞ்சல்தலை ஓரம் மாதிரி கிழிந்துவிடும். ஓரத்தில் ஸ்டேப்ளர் பின், துணி டேப், பிளந்து மடக்கும் பித்தளை ஆணி எல்லாம் ஆகும். வேண்டாம் என்றால் நூலை வெட்டினால் பிளாஸ்டிக் தனி, காகிதம் தனி. தகரடப்பா கேட்டதற்கு இது முழுப் பதில் ஆகாது என்று தெரியும்.

பையை உருக்கி ஒட்டுவதைப் பற்றியும் யாரோ கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். ஆறேழு அடுக்கு வைத்து, மேலும் கீழும் பேக்கிங் பேப்பர் போட்டு, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் 10, 15 விநாடி நகர்த்திக்கொண்டே தேயுங்கள். மெல்லிய பாலிஎத்திலீன் 110 டிகிரி வாக்கில் உருகும். அச்சிட்ட பக்கம் உள்ளே இருக்கட்டும். ஓட்டை விழுந்தால் சூடு அதிகம், அடுக்குகள் பிரிந்தால் சூடு போதவில்லை. தோல் மாதிரி ஒரு தாள் கிடைக்கும், அட்டைக்கு ரொம்ப நன்றாக இருக்கும். அதில் கரைப்பான் மைகூட அரைகுறையாகத்தான் நிற்கும், நகம் பட்டால் உரியும். நான் பதித்து, நன்றாகக் காயவிட்டு, மேலே தெளிவான பை ஒரு அடுக்கு வைத்து மறுபடி தேய்த்துவிடுவேன், மை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கிழிகாகிதம் எழுதியது:

தகரடப்பாவுக்கு என் பக்கத்திலிருந்து ஒரு யோசனை, இதை நான் நிஜமாகவே விரும்பிச் செய்கிறேன். பிளாஸ்டிக்கைப் பக்கத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம், கருவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குமிழி உறை, பாட்டில் அடிப்பாகம், மூடி, பழம் வரும் வலைப்பை எல்லாம் ஸ்டாம்ப்தான். குளிர்பான பாட்டிலைத் திருப்பினால் ஐந்து மேடு இருக்கும், அக்ரிலிக்கை அதில் உருட்டிப் பதித்தால் ஐந்து இதழ்ப் பூ. மெல்லமெல்ல அக்கா சொல்லாமல் விட்ட நுரைத் தட்டும் இந்த வகைதான், பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு பள்ளமாகும், மை உருட்டிக் காகிதத்தில் அழுத்தினால் கோடு வெள்ளையாக வரும். கத்தியே வேண்டாம், குழந்தைகளும் செய்யலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது பாலிஎத்திலீனைப் பற்றி. மைக்கறையின் ஜெசோ பாலாடை மாதிரி உரிந்ததே, அதுதான் வழி! பையை மேசையில் விரித்து டேப் போட்டு இழுத்துக் கட்டுங்கள். ஸ்டாம்பில் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிசாகத் தடவிப் பைமேல் பதியுங்கள், ஸ்டாம்பை உடனே கழுவிவிடுங்கள், அக்ரிலிக் காய்ந்தால் ரப்பரின் பள்ளமெல்லாம் அடைத்துக்கொள்ளும். பதித்தது காய்ந்ததும் தெளிவான அக்ரிலிக் மீடியத்தை, அதாவது நிறம் சேர்க்காத அக்ரிலிக்கை, மேலே பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, மூன்று முறை. பூசும்போது பால் மாதிரி வெள்ளையாக இருப்பது காயக் காயத் தெளிந்துவிடும், எங்காவது வெண்மை மிச்சம் இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், தொடாதீர்கள். மறுநாள் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தால் முழுதாக உரிந்து வரும், உங்கள் இலை நரம்பு ஒரு தெளிவான தோலில் உட்கார்ந்திருக்கும். கீழே இருக்கும் வண்ணமும் எழுத்தும் அதன் வழியாகத் தெரியும். அதே பையை அப்படியே துடைத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம், என் பை ஒன்று இரண்டு வருடமாக உழைக்கிறது.

தகரடப்பா எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. தோலும் அக்ரிலிக்தானே, அதுவும் ஒரு பிளாஸ்டிக்தானே என்று ஒரு குரல் உள்ளே கேட்கிறது, ஆனால் அக்ரிலிக் வண்ணத்தை நான் ஏற்கெனவே பயன்படுத்துகிறேன், அதை மறைக்கப் போவதில்லை. வலைப்பையை வைத்து இன்றைக்கே பதித்துப் பார்க்கிறேன்.

கோணல்கோடு எழுதியது:

தோல்களை அடுக்கி வைக்கும்போது நடுவே பேக்கிங் பேப்பர் வையுங்கள். அக்ரிலிக் காய்ந்த பிறகும் லேசான பசைத்தன்மை போகாது, ஒன்றோடு ஒன்று அழுந்தினால் கட்டியாகிவிடும். ஜர்னல் பக்கங்கள் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

ஒட்டும் தன்மை என்றதும் என் அழிப்பான் ஸ்டாம்புகள் ஞாபகம் வருகின்றன, இதைப் படிக்கிறவர்களாவது தப்பிக்கட்டும். வெள்ளை அழிப்பானில் நானே செதுக்கிய பதினான்கு ஸ்டாம்புகளை ஒரு அழகான தெளிவான டப்பாவில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். நான்கு மாதம் கழித்துத் திறந்தால் ஒன்றும் அசையவில்லை. அழிப்பானை இழுத்ததில் டப்பாவின் அடியே கூடவே இழுபட்டு வந்தது, பதினொன்று போய்விட்டது. வெள்ளை அழிப்பான் பெரும்பாலும் பி.வி.சி., அதை மிருதுவாக வைக்க ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்க்கிறார்கள், அது மெல்ல வெளியே கசிந்து பாலிஸ்டைரீனை இளக்கிவிடுகிறது. அழிப்பானைச் சுற்றி அட்டை உறை போட்டு விற்பதே இதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. காகிதத்தில் சுற்றுங்கள், இல்லை 5-ஆம் எண் டப்பாவில் வையுங்கள். மிஞ்சிய மூன்றில் ஒன்று தும்பி, அதை இன்னும் பயன்படுத்துகிறேன்.

மெல்லமெல்ல எழுதியது:

பதினொன்றா! செதுக்கியவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

மைக்கறை எழுதியது:

இரண்டு வாரம் காணாமல் போயிருந்தேன், வேலை நடந்துகொண்டிருந்தது. அழிப்பானில் முதல்முறையாகச் செதுக்கினேன், ‘மழை’ என்ற சொல். கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பிச் செதுக்க வேண்டும் என்பது மண்டையில் ஏறவே இல்லை, நேராகச் செதுக்கிவிட்டேன். ழகரத்தின் சுழியை மூன்று மணி நேரம் தோண்டினேன். காகிதத்தில் பதித்தால் எல்லாம் திரும்பி, ஐகாரக் குறி ழகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அழிப்பானை எறிய மனசு வரவில்லை.

அப்புறம் கிழிகாகிதம் சொன்ன பைத் தோல் யோசனையைப் படித்தபோது பொறி தட்டியது. பிளாஸ்டிக்கில் பின்பக்கம் பதித்தால்? திரும்பின எழுத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நேராகிவிடுமே! அதே மூடியின் தட்டைப் பகுதியை வெட்டி, உட்பக்கத்தில் பதித்து, திருப்பிப் பிடித்தேன். மழை. சரியாக, நேராக. மை இப்போது உள்பக்கம் இருப்பதால் எதிர்ப்பக்கத்தில் உரசவும் வழியில்லை, மேல் பரப்பு வழவழவென்று சுத்தமாக இருக்கிறது.

பக்கத்தைச் சொல்கிறேன். அடியில் சாம்பலும் பச்சையுமாக அக்ரிலிக், குமிழி உறையால் பதித்த புள்ளிகள் மேலே நெருக்கமாகவும் கீழே போகப் போக இடைவெளி விட்டும். அதன் மேல் இலை நரம்பு, பைமேல் பதித்து உரித்த தோல், ஒரு ஓரம் வேண்டுமென்றே கிழிய விட்டது. அதற்கும் மேலே அந்த மூடித் துண்டு, நாலு மூலையிலும் நூல் தையல் மட்டும், பசை இல்லை. பக்கத்தைச் சாய்த்தால் எழுத்தின் நிழல் கீழே இருக்கும் பச்சையில் விழுகிறது, ஒரு மி.மீ. தள்ளி. இதை நான் திட்டமிடவே இல்லை.

நாலு நாள் குறிப்பேட்டை மூடி மேலே கனம் வைத்துப் பார்த்தேன், எதிர்ப்பக்கம் சுத்தம். ஒரே சங்கடம், குறிப்பேடு உப்பிவிட்டது, முதுகுத் தையல் இழுக்கிறது.

பழையபெட்டி எழுதியது:

மூன்று பக்கத்துக்கு ஒன்றை வெட்டிவிடுங்கள், தையலை ஒட்டி 2 செ.மீ. மட்டும் விட்டு. அந்த மிச்ச விளிம்பு முதுகில் தடிமனைக் கொடுக்கும், பிளாஸ்டிக்குக்கு உள்ளே இடம் கிடைக்கும். வெட்டிய தாளை எறியாதீர்கள், ஸ்டாம்ப் சோதனைக்கு ஆகும்.

அந்த நிழலுக்கு ஒரு யோசனை. மூடிக்கும் பக்கத்துக்கும் நடுவே மூலைகளில் மெல்லமெல்லவின் சுருங்கிய வில்லையில் சின்னத் துண்டுகளை முட்டு மாதிரி வைத்துத் தையுங்கள். ஒன்றரை மி.மீ. உயரும், நிழல் இன்னும் தள்ளி விழும்.

மைக்கறை எழுதியது:

இன்றைக்கு ராத்திரியே. 6-ஆம் எண் மூடி இரண்டு கழுவிக் காய்கிறது.

மெல்லமெல்ல எழுதியது:

துளையை முதலில் போட்டுவிட்டு அவனில் வையுங்கள்!